பொதுத் தொகுதியில் நம் வாக்கு: கூட்டணிக்கும் புறக்கணிப்புக்கும் அப்பால்

2026 சட்டப்பேரவைத் தேர்தலை முன்னிட்டுக் கூட்டணிக் கணக்குகள் மீண்டும் பேசப்படுகின்றன. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், எந்த அணியில் யார் என்பதே நாள்தோறும் செய்தியாகிறது. ஒரு தலித் வாக்காளர் தம் வாக்கை எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்ற கேள்வி அச்செய்திகளில் இடம்பெறுவதில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒன்பது சட்டப்பேரவைத் தொகுதிகளுள் துறையூர் மட்டுமே தனித்தொகுதி. ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர் உள்ளிட்ட எட்டும் பொதுத் தொகுதிகள். இம்மாவட்டத்துத் தலித் வாக்காளருள் மிகப் பெரும்பாலோர், தம்மவர் ஒருவர் வேட்பாளராக நிற்பதைக் காணும் வாய்ப்பே அரிதான தொகுதிகளில்தான் வாக்களிக்கின்றனர். ஆகவே பொதுத் தொகுதியில் நம் வாக்கின் பயன் என்ன என்பதை இப்போதே ஆராய வேண்டியுள்ளது.

சிதறிய வாக்கின் விலை

நம் தேர்தல் முறை பிரிட்டனிடமிருந்து பெறப்பட்டது. ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் வெல்கிறார்; மற்றவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குகள் அவையில் எதிரொலிப்பதில்லை. 2024 ஜூலை 4 அன்று நடந்த பிரிட்டன் பொதுத் தேர்தலில் தொழிற்கட்சி சுமார் 34 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 650 இடங்களில் 411 இடங்களை வென்றது. 2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி 2 கோடியே 29 லட்சம் வாக்குகளைப் பெற்றது. வாக்கு விழுக்காட்டில் நாட்டின் மூன்றாவது பெரிய கட்சியாக இருந்தும் அதற்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒருவர். எனினும் எல்லாத் தொகுதிகளிலும் பரவி வாழ்வதால் எங்கும் பெரும்பான்மையாவது கடினம். 2016இல் காட்டுமன்னார்கோயிலில் மக்கள் நலக் கூட்டணியின் சார்பில் தனித்துக் களம் கண்ட தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். 2019இல் பெரிய கூட்டணி ஒன்றில் இருந்தபோதும் சிதம்பரத்தில் அவரது வெற்றி 3,219 வாக்குகளில்தான் அமைந்தது. இவ்வனுபவங்களிலிருந்துதான் 'தனித்து நின்றால் வாக்கு வீண்' என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியது. அக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டுமே பிடித்துக்கொண்டால் எவ்வித நிபந்தனையுமின்றி வாக்களிக்கும் மக்களாக நாம் ஆகிவிடுவோம்.

எழில்மலையின் வெற்றி

திருச்சி மக்களவைத் தொகுதியின் வரலாற்றில் இன்றைய மாணவர் பலர் அறியாத ஒரு நிகழ்வு உண்டு. அத்தொகுதியின் உறுப்பினராகவும் மத்திய அமைச்சராகவும் இருந்த ரங்கராஜன் குமாரமங்கலம் 2000 ஆகஸ்டில் காலமானார். 2001 மே மாதத்தில் நடந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றவர் தலித் எழில்மலை. 1998இல் சிதம்பரம் தனித்தொகுதியில் பா.ம.க. சார்பில் வென்று மத்திய இணையமைச்சராகவும் பணியாற்றியவர் அவர். திருச்சியோ பொதுத் தொகுதி. 'தலித்' என்ற சொல்லைத் தம் பெயரின் முன்னொட்டாகவே கொண்ட ஒருவர் பொதுத் தொகுதியில் நின்று வென்றார்.

பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளரை நிறுத்தினால் பிற சாதியினர் வாக்களிக்க மாட்டார்கள் என்று கட்சிகள் கூறும் காரணத்தை அத்தேர்தல் பொய்யாக்கிற்று. 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி வென்ற நான்கு தொகுதிகளுள் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத் தொகுதிகள் என்பதும் அதையே உறுதி செய்கிறது. பெரிய கட்சியின் சின்னமும் கூட்டணியும் துணைநின்றால் வாக்குகள் வந்து சேர்கின்றன. ஆகவே தடை வாக்காளரிடத்தில் தொடங்குவதற்கு முன்பே, கட்சித் தலைமையின் வேட்பாளர் பட்டியலில் தொடங்குகிறது. திருச்சி அம்முயற்சியைத் தொடரவில்லை என்பதை நாம் கட்சிகளிடம் கேள்வியாக எழுப்ப வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் பேசப்படாதவை

ஸ்ரீரங்கம் அண்மைக் காலத்தில் நாடறிந்த தொகுதியானது. 2011இல் ஜெயலலிதா இங்கிருந்து வென்று முதல்வரானார். 2014 செப்டம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கின் தீர்ப்பால் அவர் பதவியிழந்தார். 2015 பிப்ரவரி இடைத்தேர்தலில் அமைச்சர்கள் பலர் முகாமிட்டுப் பணியாற்ற, அ.தி.மு.க.வின் எஸ். வளர்மதி 96 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2021இல் தி.மு.க.வின் மு. பழனியாண்டி வென்றார். கட்சிகள் மாறின. ஆயினும் 'ஸ்ரீரங்கம்' என்றதும் அரசியல் பேசுவோரின் நினைவுக்கு வருபவை இராஜகோபுரமும் அதன் எதிரே 2006 டிசம்பரில் நிறுவப்பட்ட பெரியார் சிலையும்தான். 2023 நவம்பரில் பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, கோயில்களுக்கு வெளியே உள்ள அத்தகைய சிலைகளை அகற்றுவோம் என்று இவ்வூரில்தான் பேசினார்.

அச்சிலையைக் காப்பது நம் கடமை. அதில் இரு கருத்தில்லை. ஆனால் ஸ்ரீரங்கம் தொகுதி என்பது கோயில் மதில்களைச் சுற்றிய நகரம் மட்டுமன்று. அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களின் சிற்றூர்களும் அதில் அடங்கும். அங்குள்ள சேரிகளின் மயானப் பாதை, குடிநீர், வீட்டுமனைப் பட்டா, கூலி ஆகியவை மாநில அளவிலான விவாதமாவதே இல்லை. அடையாளப் போராட்டத்தில் நம் பக்கம் நிற்பதாகச் சொல்லும் கட்சி இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை ஏற்படுவதில்லை. நம் வாக்கு தனக்கு உறுதி என்று அது அறிந்திருக்கிறது. எதிர்க்கட்சிக்கும் அத்தேவை இல்லை. நம் வாக்கு தனக்கு வராது என்று அதுவும் அறிந்திருக்கிறது. இவ்விரு உறுதிகளுக்கும் இடையே சிக்கியிருப்பதே நம் வாக்கின் இன்றைய நிலை.

வேங்கைவயலும் புறக்கணிப்பும்

2022 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. வேங்கைவயல் அமைந்துள்ள கந்தர்வகோட்டை, திருச்சி மக்களவைத் தொகுதிக்கு உட்பட்ட ஒரு தனித்தொகுதி. தனித்தொகுதியாக இருந்தும் அம்மக்களுக்கு நீதி எளிதில் கிட்டவில்லை. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது; உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் அமைத்தது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையோ, பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் குறிப்பிட்டது. அதை ஏற்க மறுத்த மக்களும் கட்சிகளும் சி.பி.ஐ. விசாரணை கோரினர்.

2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணிப்பதாக அவ்வூர் மக்கள் அறிவித்தனர். அவர்களின் சினத்தை நாம் முழுமையாக மதிக்கிறோம். ஆனால் அதன் விளைவை எண்ணிப் பார்ப்பதும் நம் கடமை. அத்தேர்தலில் ம.தி.மு.க.வின் துரை வைகோ சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அத்தகைய வித்தியாசத்தின் முன் ஒரு சிற்றூரின் புறக்கணிப்பு வேட்பாளருக்கு இழப்பாகத் தெரிவதில்லை. நோட்டாவின் நிலையும் இதுவே. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த அவ்வசதி எதிர்ப்பைப் பதிவு செய்ய உதவுகிறதே தவிர, முடிவை மாற்றுவதில்லை. ஓரூர் தனித்துப் புறக்கணிக்கும்போது அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வருவர். தேர்தல் முடிந்ததும் கோப்பு மூடப்படும். அதே கோரிக்கையை ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகளின் தலித் வாக்காளரும் ஒன்றாக முன்வைத்திருந்தால் வேட்பாளர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் வாக்களிக்கும் மாணவர்

இக்கேள்வி கடல் கடந்தும் நம்மைத் தொடர்கிறது. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர், அந்நாட்டுக் குடியுரிமை இல்லாவிடினும், வாக்காளராகப் பதிவு செய்து நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். திருச்சியிலிருந்து மேற்படிப்புக்குச் சென்ற மாணவருக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் ஸ்ரீரங்கத்தில் வாக்களிக்க வேண்டுமெனில் அவர் நேரில் வந்து தம் வாக்குச்சாவடியில் நிற்க வேண்டும். சொந்த ஊரைவிட அங்கே வாக்களிப்பது அவருக்கு எளிது.

அவ்வாக்கை அவர் எப்படி முடிவு செய்வது? அந்நாட்டின் 2010 சமத்துவச் சட்டம், சாதியை இனப்பாகுபாட்டின் ஒரு கூறாகச் சேர்க்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 2013இல் நாடாளுமன்றம் அதைக் கட்டாயக் கடமையாக மாற்றியது. அங்குள்ள தலித் அமைப்புகளின் நெடிய உழைப்பின் பயன் அது. ஆனால் இந்து அமைப்புகள் பல கடுமையாக எதிர்த்தன. 2018 ஜூலையில் அன்றைய அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கூறிச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க மறுத்தது. நாடாளுமன்றம் இட்ட கடமை நிறைவேறாமல் நின்றது. 2024 தேர்தலின்போது இந்து அமைப்புகள் கோரிக்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு வேட்பாளர்களின் ஒப்புதலை வெளிப்படையாகக் கேட்டன. அவர்களின் கோரிக்கைகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் வாக்களிக்கும் முன்பே எழுத்தில் கேட்பது என்ற வழிமுறையை நாமும் கைக்கொள்ள வேண்டும். சட்டத்தில் வென்ற கடமையையே அரசு கைவிட முடியுமெனில், மேடையில் வாய்மொழியாகத் தரப்படும் வாக்குறுதியை எப்படி நம்புவது?

கைவிடப்பட்ட முதற்கட்டத் தேர்தல்

இங்கே 1932 பூனா ஒப்பந்தத்தின் ஒரு பகுதியை நினைவுகூர வேண்டும். தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, கூட்டுத் தொகுதியில் இடஒதுக்கீடு ஏற்கப்பட்டது என்பதே பொதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் அவ்வொப்பந்தம் இரு கட்டத் தேர்தலை வகுத்திருந்தது. முதற்கட்டத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரை இரண்டாம் கட்டத்தில் அனைவரும் தேர்ந்தெடுப்பர். பத்தாண்டுகளுக்கு என்று விதிக்கப்பட்ட அம்முறை குடியரசு இந்தியாவின் தேர்தல்களில் இடம்பெறவில்லை. முதற்கட்டத்தில் தம் மக்களின் ஆதரவை அதிகம் பெற்றவர் இறுதித் தேர்தலில் பிறரின் வாக்குகளால் தோற்கடிக்கப்படுவதை அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். இன்று அந்த முதற்கட்டமும் இல்லை. தனித்தொகுதி வேட்பாளரையும் கட்சித் தலைமையே தேர்கிறது. பெரும்பான்மையினரின் வாக்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

அந்த முதற்கட்டத்தைச் சட்டத்தின் துணையின்றி நாமே மீட்டெடுக்க முடியும் என்பதே நம் முன்மொழிவு. வாக்குப்பதிவுக்கு முன்பு, தொகுதிதோறும் தலித் மக்கள் மன்றங்களைக் கூட்டி, போட்டியிடும் அனைத்து வேட்பாளர்களையும் அழைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை எழுத்தில் பெற்று, மக்கள் முன் வெளியிட வேண்டும். மன்றத்தில் பறையர், பள்ளர், அருந்ததியர் ஆகிய அனைவரும் சமமாக அமர வேண்டும். பெண்கள் பாதியாக இருக்க வேண்டும். அருந்ததியர் உள்ஒதுக்கீட்டிலும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த உட்பிரிவுத் தீர்ப்பிலும் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை மறைக்காமல், உடன்பட்ட கோரிக்கைகளை மட்டும் முன்வைக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்விகள் சட்டமன்ற உறுப்பினரின் அதிகாரத்துக்கு உட்பட்டவையாகவும் பின்னர் சரிபார்க்கக் கூடியவையாகவும் இருக்க வேண்டும்.

முதலாவது, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆம் விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதன் உறுப்பினர்கள். கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை கூட்டங்கள் நடந்தன, நம் உறுப்பினர் எத்தனையில் பங்கேற்றார்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கல்லூரி மாணவர் எவரும் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அந்நிதியில் தொகுதிக்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் மக்கள் முன் வைப்பாரா?

மூன்றாவது, சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதல்வர் அறிவித்தார். சட்ட முன்வடிவு பேரவைக்கு வரும்போது வேட்பாளர் அதை ஆதரித்து வாக்களிப்பாரா?

நான்காவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தூய்மைப் பணியாளரின் ஒப்பந்த முறையை ஒழித்து நிரந்தரப் பணி வழங்கக் குரல் கொடுப்பாரா?

பதில் தர மறுப்பவரின் பெயரையும் வெளியிடுவோம். வகுப்புவாத ஆபத்தைத் தடுக்க ஒரு கூட்டணியை ஆதரிக்க வேண்டிய தேவை சில தேர்தல்களில் எழும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாதரவும் எழுத்தில் பெற்ற பதில்களின் பேரில் அளிக்கப்பட வேண்டும். வாக்குப்பதிவு முடிந்தபின் அவ்வெழுத்தே மன்றத்தின் கையில் இருக்கும் சான்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டு உறுப்பினரிடம் கணக்குக் கேட்க வேண்டும். முதல் மன்றத்தைக் கூட்டும் பணியைத் திருச்சியின் கல்லூரி மாணவர்கள் ஏற்க வேண்டும் என்று அழைக்கிறோம்.