ரெண்டு மெட்ச் போதும்

வெபர் மைதானத்துப் பக்கம் போனா ஒரு மாமாவாவது சொல்லுவார்: "அவன் மட்டும் கொழும்புல பிறந்திருந்தா நாட்டுக்கே விளையாடியிருப்பான்." எத்தனை ரன், எத்தனை விக்கெட் எண்டு கேட்டுப் பாருங்க. "அதெல்லாம் ஆரு மனே எழுதி வச்ச?"

சிறிதரன் ஜெகநாதனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இலங்கைக்கு ரெண்டே ரெண்டு டெஸ்ட் ஆடிய தமிழர், இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர். 1982 கடைசியில ஒரு கூட்டம் தென்னாபிரிக்காவுக்கு விளையாடப் போய் 25 வருசத் தடை வாங்கினது. அணியில இடங்கள் காலி. 1983 மார்ச்சில நியூசிலாந்தில இவர் களமிறங்கினார். நாலு மாசத்தில ஜூலைக் கலவரம். அதுக்கும் இவர் மறுகா டெஸ்ட் ஆடாததுக்கும் முடிச்சுப் போட நான் வரல்ல. 1987 உலகக் கிண்ணத்திலயும் ஆடினார். 1996இல் இலங்கை கிண்ணம் வென்று ரெண்டு மாசத்தில, 44 வயசில காலமானார்.

"ரெண்டு மெட்ச்தானே" எண்டு சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டன்.

அமெரிக்காவில வெல்டி வாக்கர் எண்டு ஒரு கறுப்பின பேஸ்போல் வீரர். 1884இல் டொலீடோ அணிக்காக எல்லைப்பக்கம் நின்று பந்து பிடிச்சவர். பெரிய லீக்கில ஆடினது அஞ்சே அஞ்சு மெட்ச். அதோட கறுப்பர்களுக்குக் கதவு மூடிற்று. 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை திறக்கல்ல. ஆனா அந்த அஞ்சு மெட்சும் ஏட்டில இருக்கு. ராபின்சனுக்கு முன்னம் கறுப்பர் ஆருமே அங்க ஆடல்ல எண்டு இனி ஒருத்தரும் சொல்ல ஏலாது. ஸ்கோர் ஏடு வெறும் கணக்கு இல்ல, சாட்சி.

எனக்குக் கவலை இங்கதான். போர், 2004 சுனாமி, வெள்ளம் எண்டு வீட்டு அலுமாரிகளே போன ஊர் நம்மட ஊர். விளையாடின ஆக்கள் இருக்காங்க, கடதாசி இல்ல. தெரிவுக்குழுவுக்கு முன்னால மாமாட கதை எடுபடாது. "கிழக்கில ஆள் இல்ல" எண்டு அவங்க சொன்னா, இல்ல எண்டு காட்ட நம்மட கையில என்ன இருக்கு?

"திறமை இருந்தா தானா வெளிய வரும்" எண்டு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்ல. வெளிய வந்தாலும் எழுதாட்டி மறைஞ்சிடும்.

பெருசா ஒண்டும் வேணாம். இந்த ஞாயிறு உங்கட கழக மெட்சுக்கு ஒராள் கொப்பியோட உட்காரட்டும். திகதி, பேர், ஓட்டம், விக்கெட். பொம்பிளைப் பிள்ளைகளின்ட எல்லே மெட்சுக்கும் அப்படியே. முடிஞ்சதும் போனில ஒரு படம் எடுத்து வைங்க.

பிறகு அந்த மாமாட்டயும் போங்க. அவர் சொல்ற "அவன்" ஆரு, எந்த வருசம், எந்த அணி எண்டு கேட்டு எழுதுங்க. அவர் இருக்கும்போதே.