டங்டுட் மேடை ஏறியது. நம்ம மிருதங்க ராப் எப்போது?

இந்தோனேசியாவில் கல்யாண வீடு, பஸ், டீக்கடை என எங்கே போனாலும் ஒலிக்கும் இசை டங்டுட். மேளத்தில் எழும் 'டங்', 'டுட்' ஓசைதான் பெயர். முதல்முறை கேட்டாலே நமக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். காரணம் இருக்கிறது. அதன் வேர்களில் ஒன்று பழைய இந்திப் படப் பாடல். அங்கிருந்த மலாய் இசைக்குழுக்கள் அந்த மெட்டுகளை எடுத்து வாசித்தன. 1970-களில் ரோமா இராமா மின்கிட்டாரைச் சேர்த்து, தன் மக்களின் கதையைத் தன் மொழியில் பாடினார். பட்டிக்காட்டுப் பாட்டு என்று மேல்தட்டினர் கிண்டல் செய்தார்கள். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தொடக்க விழாவில், அதிகாரப்பூர்வப் பாடலையே டங்டுட் பாணியில் பாடினார் வியா வாலன்.

இரவல் வாங்குவது தப்பில்லை. வாங்கியதை நம்முடையதாக மாற்றுகிறோமா என்பதுதான் கேள்வி.

நான் வசிக்கும் டொராண்டோவின் டோர்செட் பார்க் பகுதியில் தமிழ்க் கடைக்குள் நுழைந்தால் சென்னைப் பாட்டுதான். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளைக்கு வைகையும் தெரியாது, வயல்வரப்பும் தெரியாது. அவர்கள் வாழ்க்கையை யார் பாடுவது?

பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடா வந்த ஷான் வின்சென்ட் டி பால், டொராண்டோ கலைஞர் யாஞ்சனின் மிருதங்கத்தோடு சேர்ந்து 'மிருதங்கம் ராப்ஸ்' கொடுத்தார். டங்டுட் நடந்த அதே வழிதான்: பழைய தாளம், புது ஊர், சொந்தக் கதை. சினிமாவில் லெனின் எம். சிவம் 2013-லேயே 'எ கன் அண்ட் எ ரிங்' எடுத்து, இங்குள்ள ஈழத்தமிழர் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

சட்டத்தை நம்பி உட்கார முடியாது. கனடாவின் வணிக வானொலிகள் ஒலிபரப்பும் வெகுஜன இசையில் 35 சதவீதம் கனடிய இசையாக இருக்க வேண்டும். நம்மைப் போன்ற பிற இன மொழி நிகழ்ச்சிகளுக்கோ வெறும் 7 சதவீதம்தான்.

மிச்சம் நம்ம கையில் இருக்கிறது. சென்னை நட்சத்திர இரவுக்கு நூறு டாலர் கொடுக்கத் தயங்காத நாம், உள்ளூர்க் கலைஞரை மட்டும் 'இலவசமா வந்து பாடுங்க தம்பி' என்று கூப்பிடுகிறோம். முதலில் அதை நிறுத்துவோம். ஒவ்வொரு நட்சத்திர இரவிலும் உள்ளூர்க் கலைஞருக்கு அரை மணி நேரம், அதற்கு உரிய சம்பளம். ஏற்பாட்டாளர்களிடம் இதைக் கேட்க வேண்டியது டிக்கெட் வாங்கும் நாம்தான்.