ரப்பர் உடை என்று சிரிப்பவர்களுக்கு...

"அட, உள்ளே ஆள் இருக்கிறது அப்பட்டமா தெரியுதே!" பழைய காட்ஸில்லா படத்தை யாராவது போட்டால் கிளம்பும் முதல் கமெண்ட் இதுதான். பாதியிலேயே வேறு படத்துக்குத் தாவிவிடுவார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

கொஞ்சம் 1954-க்குப் போவோம். அந்த வருடம் மார்ச் 1-ம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. கணக்குப் போட்டதைவிட இரண்டரை மடங்கு பெரிய வெடிப்பு. அந்தக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். அவர்களில் ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 3-ம் தேதி 'கோஜிரா' வெளியானது. படம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் ஒரு கப்பல் எரிந்து மூழ்குவதில்! அது எதை ஞாபகப்படுத்தியது என்று ஜப்பான்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் பார்த்தவர். படத்தில் டோக்கியோ எரியும்போது ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்று சொல்கிறாள். இந்த இடத்தில் ரப்பர் உடையா கண்ணுக்குத் தெரியும்?

சரி, அந்த உடை விஷயத்துக்கே வருவோம். 1933-ல் வந்த கிங் காங் மாதிரி பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. அதனால் எய்ஜி சுபுராயா குட்டி டோக்கியோ ஒன்றைக் கட்டி, கனமான உடைக்குள் ஹருவோ நகாஜிமாவை நடக்கவிட்டார். கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்ததால் திரையில் அசைவு மெதுவாகி, மலை நடப்பது போல ஆனது. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் கம்பியைத் தோல் கையுறையால் தேய்த்து அந்த உறுமலைக் கொண்டுவந்தார். கையில் இருந்ததை வைத்துச் செய்த வித்தை இது.

பழசு எல்லாமே உசத்தி என்று ஜல்லியடிக்கத் தேவையில்லை. 1973-ல் வந்த மெகலான் படத்தில் காட்ஸில்லா வாலால் சறுக்கி வந்து பறந்து உதைக்கும். அதற்குத் தாராளமாகச் சிரிக்கலாம் :-) ஆனால் அந்தச் சிரிப்பை 1954 படத்தின் தலையில் கட்டுவது அநியாயம். 1956-ல் அமெரிக்காவில் இந்தப் படத்தைக் கத்தரித்து, ரேமண்ட் பர் நடித்த காட்சிகளை ஒட்டி, குண்டு பற்றிய பேச்சை மழுப்பித்தான் வெளியிட்டார்கள். பல நாடுகள் முதலில் பார்த்தது அந்த வடிவத்தைத்தான். வெறும் பொம்மைப் படம் என்ற பெயர் வந்ததில் ஆச்சரியமில்லையே!

2023-ல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' அடுத்த வருடம் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. அதை ரசித்தவர்கள் அதன் தாத்தாவையும் ஒருமுறை பார்க்கட்டும். 96 நிமிடம்தான். ஜப்பானிய மூலத்தையே சப்டைட்டிலோடு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சிரிப்பு வந்தால் அப்புறம் பேசுவோம்.