கை மரத்துப்போவது யார் செய்த பாவம்?

பாடுபடும் மக்களிடையே, முக்கியமாகப் பெண்களிடையே, ஒரு கஷ்டம் வெகு காலமாக இருந்து வருகின்றது. நடு இரவில் கை மரத்து, ஊசி குத்துவதுபோல் எரிந்து, தூக்கம் கலைந்துவிடுகின்றது. எழுந்து கையை உதறினால் சற்றுத் தணிகின்றது. நாளடைவில் பிடித்த பாத்திரம் நழுவி விழுகின்றது. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போகின்றது. இதற்கு நம் மக்கள் சொல்லும் காரணம் கண்ணேறு, காற்றுச் சேஷ்டை, பூர்வஜென்ம வினை என்பவையாகும். பரிகாரமோ மந்திரித்த கறுப்புக் கயிறு. நோய் இருப்பது மணிக்கட்டுக்கு உள்ளே. கயிறு கட்டுவது வெளியே. கயிறு விற்றவனுக்குப் பலன் உண்டேயொழிய, கைக்கு என்ன பலன் என்று கேட்கின்றோம்.

உண்மை என்னவென்றால், மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வாய்க்கால்போல் அமைந்திருக்க, அதன்மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று மூடியாக இருக்கின்றது. அந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்லுகின்றன. உள்ளே வீக்கமோ அழுத்தமோ ஏற்பட்டால் நரம்பு நசுங்குகின்றது. இதையே வைத்தியர்கள் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்கின்றார்கள். அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கே செல்வதால் மரத்துப்போவதும் அவைகளே. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது தப்பித்துக்கொள்கின்றது. பேயும் பாவமும் காரணமானால், சுண்டுவிரலிடம் மாத்திரம் அவைகளுக்கு என்ன தயவு?

இனி, வேலைக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்ப்போம். கைவேலை எல்லாமே இந்நோயைத் தருவதில்லை. பலமாக அழுத்திப் பிடிப்பது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, மணிக்கட்டை வளைத்தபடியே வைத்திருப்பது, பாறை துளைக்கும் கருவிபோல அதிரும் கருவியைப் பிடிப்பது ஆகியவைகளே குற்றவாளிகள். இவைகளில் இரண்டு மூன்று ஒன்று சேர்ந்தால் ஆபத்து அதிகம் என்பதற்குப் பலமான ஆதாரம் இருப்பதாக 1997-ல் அமெரிக்க சர்க்காரின் தொழில் சுகாதார நிலையம் ஆராய்ந்து சொல்லிற்று. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-ல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கின்றது.

திருநெல்வேலி, வேலூர்ப் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். இலையைக் கத்தரிப்பது, தூளை வைத்துச் சுருட்டுவது, நுனியை மடக்குவது, நூல் கட்டுவது எல்லாம் விரல் நுனியின் வேலை. கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது. கை ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்துவிடும் என்ற ஏற்பாட்டில், வலிக்கின்றது என்று எவள் நிறுத்துவாள்? அப்படியானால் நரம்பை நசுக்குவது விதியா, கூலி முறையா?

சர்க்கரை நோய், தைராய்டுக் குறைவு, கர்ப்பம், உடல் பருமன் ஆகியவைகளாலும் இந்நோய் வரும். பெண்களுக்கே அதிகமாகவும் வருகின்றது. ஆகையால் கை மரத்தவர் எல்லோருக்கும் வேலைதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் பகுத்தறிவாகாது. பரிசோதித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆனால் வேறு காரணம் ஒன்று இருப்பதைக் காட்டி, வேலையின் குற்றத்தை மறைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது.

வருஷத்துக்கொரு நாள் ஆயுத பூஜை என்று கத்தரிக்கும் சுத்திக்கும் பொட்டு வைத்துப் பொரி படைக்கின்றார்கள். அந்த ஆயுதத்தைப் பிடிக்கும் கைக்கு இதுவரை என்ன செய்தார்கள்? கத்தரிக்குச் சந்தனம் வேண்டாம். சாணை பிடித்துக் கொடுங்கள், அழுத்தும் பலம் குறையும். மணிக்கு மணி சற்று ஓய்வு கொடுங்கள். வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஓய்ந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். இதுவே கைக்குச் செய்யும் மரியாதை.

தோழர்களே! தாய்மார்களே! இரவில் கை மரத்தால் மந்திரவாதியிடம் போகாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். ஆரம்பத்திலானால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையிலேயே பலருக்குக் குணம் தெரியும். முற்றினால் நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவை உண்டு. சதை வற்றும்வரை காத்திருந்தால் வைத்தியராலும் முழுப்பலன் தர முடியாது. கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு, நாளைக்கே சங்கத்தில் கூடி ஓய்வு நேரத்தைக் கேளுங்கள்.