சாயம் பிடிக்கும் அணு

நாத்தனார் பெண் கலியாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணி போயிருந்தேன். தறிக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து ஓயாத இருமல்.

"மருமகள்தாம்மா. பகலில் பரவாயில்லை, ராத்திரியானால் இருமலும் இழுப்பும். மூன்று மாசமாகிறது" என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி. அந்தப் பெண்ணின் தட்டும் டம்ளரும் தனியே கவிழ்த்து வைத்திருந்தன. க்ஷயம் என்ற வார்த்தையை மட்டும்தான் அவர் சொல்லவில்லை. (க்ஷயமே ஆனாலும் அது காற்றில் பரவுமே தவிர, தட்டில் அல்ல!)

சளியைச் சோதித்ததில் க்ஷயம் இல்லை என்று ஆயிற்று. ரத்தத்தைச் சோதித்ததும் குட்டு வெளிப்பட்டது: ஈஸ்னோபீலியா.

நம் ரத்தத்து வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு ஈஸினோபில் என்று பெயர். பெயர் வந்த கதையை ஆரணிக்காரர்கள் ரசிப்பார்கள். பட்டுக்கு ரோஜா நிறம் ஏற்றப் பயன்பட்ட சாயம் ஈஸின். 1879-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் ரத்தத் துளியில் அதைத் தடவிப் பார்த்தார். சில அணுக்களுக்குள் இருந்த மணிகள் மட்டும் சாயத்தை இழுத்துக்கொண்டு செக்கச் செவேலென்று ஆயின!

அந்த மணிகளில் இருப்பது விஷம், புழுக்களைக் கொல்வதற்கு. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இந்த அணு, ரத்தத்தில் சில மணி நேரமே சுற்றிவிட்டு உறுப்புகளுக்குள் புகுந்துவிடும். கன மில்லிமீட்டருக்கு ஐந்நூறுக்குள் இருப்பது வழக்கம். கொசுக்கடியால் யானைக்கால் புழு உடம்பில் சேர்ந்தால், அதன் குஞ்சுகள் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் சிக்குகின்றன. சிலருடைய உடம்பு இதற்கு அளவு மீறிச் சீறுகிறது. மஜ்ஜை அவசர அவசரமாக அணுக்களை உற்பத்தி செய்து அனுப்ப, கணக்கு 3000-ஐத் தாண்டுகிறது. அவை கொட்டும் விஷம் புழுவோடு நிற்குமா? நுரையீரலையும் புண்ணாக்குகிறது. அந்த அழற்சிதான் ராத்திரி இருமல்.

க்ஷயம் என்று இதை மயங்கியது ஆரணி மாமியார் மட்டுமல்ல. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் க்ஷய ஆஸ்பத்திரியில் பிரிமாட்-மோலரும் பார்ட்டனும், க்ஷயம் போலவே தோன்றும் இந்த நோயை 1940-ல் விவரித்து எழுதினார்கள்.

டைஎதில்கார்பமஸைன் மாத்திரையை டாக்டர் சொற்படி மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் குணம் தெரியும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும். குடல் புழு, ஆஸ்த்மா, ஒவ்வாமை இவற்றாலும் இந்த அணு கூடலாம்; ஆகவே அடுத்த வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள், அம்மா.

போன வாரம் புடவை வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பையனிடம் மாமியார் சேதி சொல்லி அனுப்பியிருந்தார்: டம்ளர் அலமாரிக்குத் திரும்பிவிட்டதாம்.