வயலிலிருந்து வந்ததா, வார்டில் வந்ததா?

“இந்தக் காய்ச்சல் இங்கே வந்ததா, டாக்டர்?” நோயாளி சேர்ந்த மூன்றாம் நாள், நான்காம் நாளில் காய்ச்சல் மீண்டும் ஏறும்போது உறவினர்கள் தயங்கித் தயங்கி எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு. தயக்கம் வேண்டாம். விடை சொல்ல மருத்துவமனை கடமைப்பட்டிருக்கிறது என்பதே எங்கள் கருத்து. ஆயினும் ஆய்வகத்தின் துணையின்றி நாங்கள் சொல்லும் விடை வெறும் ஊகமே.

சேர்ந்து 48 மணி நேரத்திற்குப் பின் தொடங்கும் தொற்றை மருத்துவமனையில் வந்ததாகக் கொள்வது பொதுவான கணக்கு. அது எப்போதும் பொருந்துவதில்லை. நெல் விளையும் ஈர மண்ணில் வாழக்கூடிய மெலியாய்டோசிஸ் கிருமியை எடுத்துக்கொள்வோம். சேற்றில் வெறுங்காலுடன் நடவு செய்பவரின் சிறு காயம் வழியே அது நுழையலாம். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். நாட்கள் பல கழித்தும் வெளிப்படும். ஆய்வகம் சற்றுக் கவனம் தவறினால், அதை மருத்துவமனைகளின் ஈரமான இடங்களில் காணப்படும் சூடோமோனாஸ் என்று எழுதிவிடக்கூடும். பழி வார்டின் மேல் விழும். அது போகட்டும், சிகிச்சையல்லவா தவறிப்போகிறது! மெலியாய்டோசிஸுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஊசியும், பின்னர் மூன்று மாத அளவில் மாத்திரையும் வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, சிறுநீர்க் குழாயிலும் வென்டிலேட்டரிலும் எங்கள் கைகளிலும் பரவிய கிருமியை ‘வெளியிலிருந்து வந்தது’ என்று ஒதுக்குவதும் எளிது. 2010இல் லான்செட் குழும இதழொன்றில் வெளிவந்த ஆய்வு, உயர்வகை ஆன்டிபயாடிக்குகளையும் முறியடிக்கும் என்.டி.எம்-1 கொண்ட கிருமிகளைச் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகளில் காட்டியது. அந்த நொதிக்குப் புது தில்லியின் பெயரைச் சூட்டியதைப் பற்றி நாட்டில் பெருஞ்சினம் எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பெயரைப் பற்றிய சண்டையில் கிருமி குறையவில்லை. 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வகுத்ததையே நாங்கள் பயனுள்ள மறுமொழியாகக் கருதுகிறோம்.

ஒவ்வொரு வார்டின் தொற்றுக் கணக்கும் நோயாளிகள் கேட்டால் காட்டப்பட வேண்டும். எண்ணிக்கை கூடினால் எங்களுக்குத் தலைகுனிவுதான். இருந்தாலும் காட்ட வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் கல்ச்சருக்காக இரத்தம் எடுக்கும்போது, “ஏற்கெனவே எடுத்தாயிற்றே” என்று தடுக்காதீர்கள். அதன் முடிவுக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். வரும் முன் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையின் அட்டை வீட்டில் இருந்தால், அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.