கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள்

நான்கு சில்லுகளுக்கும் இழுவை செல்லும் ஜீப்பையோ டபுள் கப்பையோ வைத்துக்கொண்டு வன்னியில் காலந்தள்ளுகிறவர், அதன் தேய்ந்த புரொப்பெலர் சாஃப்றைத் தம் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டக் கற்றிருக்க வேண்டும் என்பதும், அதைக் கற்பிக்கும் பொறுப்பு இங்குள்ள தொழிற்கல்வி நிலையங்களைச் சேர்ந்தது என்பதும் என் அபிப்பிராயம். கராஜ்காரரின் பிழைப்பில் மண் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் பெருவீதி எவ்வளவு சீராக இருந்தாலும், அதைவிட்டு இறங்கி வயலுக்கும் குளக்கட்டுக்கும் செல்லும் கிறவல் பாதைகள் மாரியில் சேறாகவும் கோடையில் செம்புழுதியாகவுமே கிடக்கின்றன. அவை முதலில் பதம் பார்ப்பது வண்டியின் அடியில் சுழலும் இந்தத் தண்டின் மூட்டுகளைத்தான்.

கியர்ப்பெட்டியை ஒட்டிய ட்ரான்ஸ்ஃபர் பெட்டி சட்டத்தோடு நிலையாக நிற்க, பின் அச்சோ பள்ளந்திட்டிக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், இரண்டையும் இணைக்கும் சாஃப்ற் சுழன்றுகொண்டே மடங்கவும் நீண்டு சுருங்கவும் வேண்டியிருக்கிறது. மடங்குவதற்கு இரு நுனிகளிலும் குரொஸ் என்னும் சிலுவை மூட்டும், நீண்டு சுருங்குவதற்குப் பல் வெட்டிய வழுக்கு மூட்டும் உண்டு. குரொஸின் நான்கு கைகளையும் மூடிய கிண்ணங்களுக்குள் ஊசிபோன்ற உருளைகள் கிறீஸில் தோய்ந்திருக்கும்வரை யாதொரு குறையுமில்லை. கிறீஸ் வற்றித் தண்ணீர் புகுந்துவிட்டால், கிண்ண விளிம்பில் செந்துருத் தூள் கசியும். மெதுவாகப் போகையில் கிரீச்சிடும். முன்னெடுக்கும்போதும் பின்னெடுக்கும்போதும் அடியில் 'டக்' என்று ஒரு தட்டுக் கேட்கும். இத்தனை எச்சரிக்கையையும் அலட்சியம் செய்து ஓடினால், வேகத்தில் முன்நுனி அறுந்து தண்டு வீதியில் குத்தி, வண்டியையே புரட்டிவிடும் அபாயமும் உண்டு.

1990 இல் போர் மறுபடி மூண்டு, எரிபொருளும் பற்றரியும் இன்னும் பல பொருள்களும் வடக்கே வருவது தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் நினைவில் வைத்திருப்போர் இங்கு இன்னும் பலர். 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்படும்வரை அவற்றை நடமாட வைத்த மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்தை நாம் வியந்து பேசுகிறோம். அது நிர்ப்பந்தத்தின் சாமர்த்தியம் என்பதையோ, அதனோடு ஒட்டிவந்த சில பழக்கங்களை இன்றும் தொடர்வது கேடென்பதையோ பேசுவதில்லை. பழைய நட்டையே திரும்பப் பூட்டுவதும், சாஃப்றின் நசுங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்துவதும், பாரச் சமநிலைக்காக அதில் ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டை வேண்டாததென்று உடைத்தெறிவதும் அன்று மன்னிக்கத்தக்கவையாக இருந்திருக்கலாம்.

கழற்றிப் பூட்டும் வேலை கடினமானதன்று, வரிசை தப்பாதிருப்பதே அதில் முக்கியம். பழைய லான்ட் றோவர்களில் கைப்பிரேக் சில்லுகளில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறத்தில் இருந்து சாஃப்றைத்தான் பிடிக்கிறது. ஆகவே சாஃப்றைக் கழற்றிய மறுகணமே, கைப்பிரேக் இழுத்துத்தானே இருக்கிறது என்று நம்பி அடியில் படுத்திருப்பவரின்மேல் வண்டி உருளத் தொடங்கிவிடலாம். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜக்கை மாத்திரம் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்திய பின்பே ஸ்பனரைத் தொட வேண்டும். அடுத்தது அடையாளம். குரொஸைப் பிடித்திருக்கும் ஒரு நுனிக் கவையும் மறு நுனிக் கவையும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். வழுக்கு மூட்டு ஒரு பல் தள்ளிக் கோக்கப்பட்டாலும் வண்டி அதிரும். சாய்ந்து நிற்கும் ஒற்றை மூட்டு ஒரு சுற்றுக்குள்ளேயே விரைந்தும் தயங்கியும் சுழலுமாதலால், அந்தப் பிசகை மற்ற மூட்டு எதிர்ப்பிசகால் நேர் செய்யும்படி இரண்டும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டிலேயே றொபேர்ட் ஹுக் ஆராய்ந்த இந்த விஷயத்துக்கு நம் முற்றத்தில் வேண்டியது, கழற்றுமுன் இருபுறமும் வெள்ளை பெயின்ரால் இழுக்கும் ஒரு கோடு. புதிய குரொஸைப் பூட்டும்போது ஊசி உருளை ஒன்று சரிந்து கிண்ணத்தின் அடியில் குறுக்கே கிடந்தாலும் கிண்ணம் முழுதும் இறங்காது. சுத்தியலால் ஓங்கி அடிக்கத் தோன்றும் அந்தச் சமயத்தில்தான் அதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டதேயொழிய, புதிய வாகனத்தின் விலை சாமானியக் கமக்காரனுக்கு எட்டுவதாயில்லை. பழையவைதான் இன்னும் பல வருஷம் ஓடப்போகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் துறை இருக்கிறது. அனுபவத்தால் கற்றவரைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் நாட்டில் உண்டு. இளைஞருக்கு முழுநேரப் பயிற்சி அளிக்கும் அந்த நிறுவகத்தில், வண்டிச் சொந்தக்காரருக்கென வார இறுதியில் ஒரு குறுகிய வகுப்பை ஏன் வைக்கலாகாது? தடைக்காலத்து மெக்கானிக்குகளைத் தேடிப்பிடித்து, சான்றிதழுக்கு வழிசெய்து, அவர்களையே அதற்கு ஆசிரியராக அமர்த்தலாம். சிறுபோக அறுவடை முடிந்து காலபோக விதைப்புத் தொடங்குவதற்கிடையில் கமக்காரனுக்குக் கிடைக்கும் ஓய்வே அதற்கு ஏற்ற காலம். மழை தொடங்கிவிட்டால் எவரும் வண்டியின் அடியில் படுக்க வரமாட்டார்கள்.